எழுவாய் இல்லாத அறிவிப்பு

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவில், நான் நடத்தும் இணையக் கருத்துக்களத்துக்காக அவசரமாக எழுதிய நான்கு வாக்கிய அறிவிப்பு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. "நமது களம் இயங்கும் மென்பொருளில் இருந்த ஒரு பாதுகாப்புக் குறையின் காரணமாக, உறுப்பினர்களின் சில விவரங்கள் வெளியே சென்றிருக்க வாய்ப்புள்ளது. களம் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது. அனைவரும் கடவுச்சொற்களை மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. சிரமத்திற்கு வருந்துகிறோம்." எழுதியபோது அது எனக்கு ஒழுங்கான அறிவிப்பாகவே தோன்றியது. இப்போது படித்தால் அதன் இலக்கணம்தான் முதலில் கண்ணில் படுகிறது. குறை தானாக இருந்தது, விவரங்கள் தாமாகவே வெளியே சென்றன, களம் யாராலோ மூடப்பட்டது, யாரோ கேட்டுக்கொண்டார்கள். ஓர் ஆள் தெரியும் வினை 'வருந்துகிறோம்' ஒன்றுதான். அதிலும், களத்தை நான் ஒருவனாக நடத்திவந்தபோது, 'நாங்கள்' என்ற ஒரு கூட்டத்திற்குள் போய் நின்றுகொண்டேன். எழுவாய் இல்லாமலே வாக்கியம் அமைக்க நம் மொழி இடம் தருகிறது என்பது அன்று எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

அந்த அறிவிப்பில் எழுவாயாக யார் வந்திருக்க வேண்டும் என்ற கேள்விதான் என்னை விடவில்லை. மென்பொருளை எழுதியவரா, நிறுவியவரா, கூடுதல் வசதிகளை எழுதி இலவசமாகக் கொடுத்தவரா, இடம் வாடகைக்குக் கொடுத்த சர்வர் நிறுவனமா, ஓட்டையைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னவரா? உள்ளே நுழைந்தவன் குற்றவாளி என்பதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் திருடன் பெயரைச் சொல்லிவிட்டால் கதவைப் பற்றிய கேள்வி தீர்ந்துவிடாது.

களம் பழைய ஃபிலிம் கேமராக்களைப் பிரித்துப் பழுதுபார்ப்பவர்களுக்கானது. ஏறத்தாழ நாலாயிரம் கணக்குகள் இருந்தன. தொடர்ந்து எழுதியவர்கள் நூற்றைம்பது பேர் இருப்பார்கள். ஒட்டிக்கொண்ட ஷட்டர் இதழ்களை எந்தத் திரவத்தால் துடைப்பது, லென்ஸில் படர்ந்த பூஞ்சையை எப்படி எடுப்பது என்பன போன்ற உரையாடல் இழைகள் ஆண்டுக்கணக்கில் வளர்ந்திருந்தன. பணம் புழங்காத இடம் என்பதால் திருடுவதற்கு இங்கே எதுவுமில்லை என்று நான் நம்பினேன். உறுப்பினர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு மின்னஞ்சல் முகவரியும், அப்படியே படிக்க முடியாதபடி குறுக்கிய வடிவில் ஒரு கடவுச்சொல்லும் இருந்தன என்பதைச் சொத்தாக எண்ணிப் பார்க்கவே இல்லை.

முகப்புப் பக்கம் விநோதமாகத் தெரிகிறது என்று ஓர் உறுப்பினர் இரவில் எழுதிய பிறகுதான் சர்வரின் பதிவுக் கோப்பைத் திறந்தேன். முந்தைய நாள் விடியற்காலை 2:47 மணிக்கு ஒரு வரி. பார்வைக்கு யாரோ ஓர் இழையைத் திறந்து படித்தது போலத்தான் இருந்தது. ஆனால் முகவரியின் வால்பகுதியில், சதவீதக் குறிகளும் எண்களுமாக, பக்கத்தின் அகலத்தைத் தாண்டி ஒரு நீண்ட சரம் தொங்கியது. அடுத்த வரியில், உறுப்பினர்களின் முகப்படங்களை வைக்கும் கோப்புறையில், படத்தின் பின்னொட்டு இல்லாத ஒரு புதிய கோப்பு அழைக்கப்பட்டிருந்தது. வழக்கமாக ஒரு பக்கத்தின் அளவு நாற்பது கிலோபைட்டைத் தாண்டாத அந்தப் பட்டியலில், 2:53 மணிக்கு ஒரே பதிலாக மூன்று மெகாபைட் வெளியே போயிருந்தது. அது என்ன என்று கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. உறுப்பினர் அட்டவணை முழுவதையும் நானே ஒருமுறை ஏற்றுமதி செய்து பார்த்தேன், அளவு பொருந்தியது. ஆறு நிமிடங்களில் எல்லாம் முடிந்திருந்தது.

பத்தொன்பது நாட்கள்

அந்த நுழைவாயிலை அடைக்கும் புதிய பதிப்பு பத்தொன்பது நாட்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. எனக்கு அது தெரியாமல் இல்லை. நிர்வாகப் பக்கத்தின் மேல்முனையில் 'புதிய பதிப்பு கிடைக்கிறது' என்ற சிவப்பு வரியை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வார இறுதியில் செய்யலாம் என்று நினைத்தேன். இரண்டு வார இறுதிகள் கடந்தன.

தள்ளிப்போட்டதற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அக்காலத்துக் களமென்பொருட்களில் ஒரு கூடுதல் வசதி வேண்டுமென்றால், அதைத் தனியாகச் செருகி விட முடியாது. வசதியை எழுதியவர் ஓர் உரைக்கோப்பைத் தருவார். அதில் 'இந்தக் கோப்பைத் திற. இந்த வரியைத் தேடு. அதன் பின்னே கீழ்க்கண்டவற்றைச் சேர்' என்று படிப்படியாக எழுதியிருக்கும். நாம் மூலநிரலைத் திறந்து, வரியைத் தேடி, கையால் ஒட்ட வேண்டும். இப்படிப் பதினேழு வசதிகளைப் பல ஆண்டுகளாக ஒட்டியிருந்தேன். புதிய பதிப்பின் கோப்புகளை அப்படியே மேலே எழுதினால் பதினேழும் போய்விடும். திரும்ப ஒட்டினால், மாறிப்போன வரிகளில் சில பொருந்தாது. ஒரு முறை இப்படிப் புதுப்பித்ததில் தனிமடல் வசதி நான்கு நாட்கள் முடங்கி, உறுப்பினர்கள் என்னை விசாரித்து விசாரித்து ஓய்ந்தார்கள். ஆகவே புதுப்பித்தல் என்ற சொல்லே எனக்கு ஓர் ஆபத்தான வேலையின் பெயராகிவிட்டது. புதுப்பிக்காமல் இருப்பதன் ஆபத்து கண்ணுக்குத் தெரியவில்லை; புதுப்பிப்பதன் ஆபத்தோ மறுநாள் காலையே நாற்பது புகார்களாக வந்து நிற்கும்.

இது நான் ஒருவன் செய்த தவறு மட்டுமல்ல என்று ஆறுதல் தேடி நான் அப்போது படித்தவற்றில் ஒன்று, சான்டி என்ற கணினிப் புழுவின், அதாவது தானாகவே பரவும் தீநிரலின், கதை. 2004 டிசம்பரில் பரவிய அந்தப் புழு, உலகில் மிக அதிகமாகப் பயன்பட்ட இலவசக் களமென்பொருட்களில் ஒன்றான பிஎச்பிபிபி-யைக் குறிவைத்தது. இரையைத் தேட அது கூகுள் தேடுபொறியையே பயன்படுத்தியது. ஓட்டையுள்ள தளங்களை ஒரே தேடலில் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக நுழைந்து பக்கங்களை அழித்து எழுதியது. அந்தத் தேடலை கூகுள் தடுத்த பிறகே அதன் வேகம் அடங்கியது. ஓட்டை இருந்த இடமோ மிகச் சாதாரணமானது. ஒருவர் ஒரு சொல்லைத் தேடி ஓர் இழைக்கு வந்தால், அந்தச் சொல்லைப் பக்கத்தில் வண்ணமிட்டுக் காட்டும் சிறு வசதி அது. முகவரியோடு வரும் அந்தச் சொல்லை, களம் எழுதப்பட்டிருந்த பிஎச்பி நிரல்மொழி ஒருமுறை குறிவிலக்கி, ஆபத்தான மேற்கோள் குறிகளுக்கு வேலி போட்டுத்தான் அக்காலத்தில் தந்தது. களத்தின் நிரல் அதை இரண்டாம் முறையும் குறிவிலக்கியது. இரண்டு மடங்காகக் குறியிட்டு அனுப்பப்பட்ட மேற்கோள் குறி, வேலியைத் தாண்டிய பிறகே தன் உருவத்தைக் காட்டியது. வண்ணமிடப் பயன்பட்ட நிரல்துண்டோ, தனக்குக் கிடைத்த சரத்தை நிரலாகவே இயக்கிப் பார்க்கும் வகையைச் சேர்ந்தது. இந்தத் தவற்றைத் திருத்திய 2.0.11 பதிப்பு நவம்பரிலேயே வந்துவிட்டது. புழு வந்தது ஒரு மாதம் கழித்து. அந்த ஒரு மாதத்தில் என்னைப் போன்றவர்கள் வார இறுதிக்காகக் காத்திருந்தார்கள்.

ஆறுதலுக்காகப் படித்த அந்தக் கதையில் இன்னொரு விஷயமும் இருந்தது. சரத்தையே நிரலாக இயக்கும் அந்த வசதியை பிஎச்பி மொழியே வழங்கியிருந்தது. 2013-இல் வந்த 5.5 பதிப்பில்தான் அதைக் கைவிடச் சொல்லி எச்சரித்தார்கள். 2015-இல் வந்த 7.0 பதிப்பில்தான் நீக்கினார்கள். ஆக, களத்தை எழுதியவரின் கையில் தவறான கத்தியைக் கொடுத்தவர் என்று மொழியை உருவாக்கியவரையும் சுட்டலாம். சுட்டிக்கொண்டே போனால் எங்கே நிற்பது என்பதும் தெரியவில்லை.

மென்பொருளாளருக்கு எழுதிய கடிதம்

அறிவிப்பை வெளியிட்ட மறுநாள், நான் பயன்படுத்திய மென்பொருளின் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். இன்று அதைத் திரும்பப் படிக்கக் கூச்சமாக இருக்கிறது. நாலாயிரம் பேரின் விவரங்கள் உங்கள் கவனக்குறைவால் போயின என்று தொடங்கியிருந்தேன். பதில் இரண்டு நாளில் வந்தது. எழுதியவர் ஒரு தன்னார்வலர். பகலில் வேறு வேலை பார்ப்பவர். நடந்ததற்கு வருந்துவதாகவும், பதிவுக் கோப்பின் அந்த வரிகளை அனுப்பினால் தடயங்களைத் துடைக்க உதவுவதாகவும் எழுதிவிட்டு, குறை தங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட ஆறாவது நாளே திருத்தம் வெளியிடப்பட்டதைக் கடைசி வரியில் குறிப்பிட்டிருந்தார். குற்றஞ்சாட்டும் தொனி அதில் துளியும் இல்லை. அவர் சொன்னபடியே உதவியும் செய்தார். முகப்படக் கோப்புறையைத் தவிர வேறு இரண்டு இடங்களிலும் திருட்டுக் கோப்புகள் இருந்ததை அவர்தான் காட்டிக்கொடுத்தார்.

அவர் சொல்லாமல் விட்ட ஒன்றை நானே போய்ப் படித்தேன். மென்பொருளின் உரிமம், கட்டற்ற மென்பொருட்களுக்கான ஜிபிஎல். 1991-இல் வெளியான அதன் இரண்டாம் பதிப்பின் கடைசி இரு பிரிவுகளும் முழுக்கப் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டவை: இந்த மென்பொருள் உள்ளது உள்ளபடியே தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் இல்லை, அதன் தரமும் செயல்பாடும் குறித்த முழு இடர்ப்பாடும் பயன்படுத்துபவருடையது என்பது அவற்றின் சாரம். காசு வாங்கி விற்கப்படும் மென்பொருட்களின் உரிமங்களிலும் பெரும்பாலும் இதே பொருளுடைய பத்தி உண்டு. அந்தப் பத்திக்கு உடன்படுகிறேன் என்ற பெட்டியில் நான்தான் குறியிட்டிருக்கிறேன். ஆகவே சட்டப்படி பார்த்தால் என் கடிதத்திற்கு அடிப்படையே இல்லை.

ஆனாலும் எனக்கு ஒரு நியாயமான குறை மிச்சமிருந்தது. இன்றும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். புதிய பதிப்பின் அறிவிப்பு 'பல வழுக்கள் திருத்தப்பட்டுள்ளன, புதுப்பிக்கப் பரிந்துரைக்கிறோம்' என்று மட்டுமே சொன்னது. தேதி காட்டும் முறையில் இருந்த பிழையும், எவரும் உள்நுழையாமலே சர்வரைக் கைப்பற்ற வழிவிட்ட பிழையும் ஒரே பட்டியலில், ஒரே எழுத்தளவில், அடுத்தடுத்து நின்றன. விவரமாகச் சொன்னால் தாக்குபவர்களுக்கு வழிகாட்டியதாகிவிடும் என்று அஞ்சியிருப்பார்கள் என்பது புரிகிறது. ஆனால் தாக்குபவர்கள் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் வைத்து மாறிய வரிகளைப் பார்த்தே வழியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மங்கலாக எழுதப்பட்ட அறிவிப்பு அவர்களிடமிருந்து எதையும் மறைக்கவில்லை; மறைத்தது என்னிடமிருந்து மட்டும்தான். 'இன்றிரவே செய்யுங்கள், செய்ய முடியாவிட்டால் இந்த ஒரு வரியை மட்டுமாவது மாற்றுங்கள்' என்று அதில் இருந்திருந்தால் நான் செய்திருப்பேன் என்றே நம்புகிறேன். மாற்ற வேண்டியிருந்தது உண்மையில் ஒரே வரிதான். பதினேழு வசதிகளில் எதையும் அது தொடவில்லை.

இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு இன்னொரு கடிதம் எழுத உட்கார்ந்தபோதுதான் வேறொரு மின்னஞ்சல் வந்தது.

ஒரு பெரியவரின் கடிதம்

களத்தில் அவர் அதிகம் எழுதுபவர் அல்லர். ஷட்டர் வேகத்தை அளக்கக் கையால் செய்த கருவி ஒன்றின் வரைபடத்தை ஒருமுறை பகிர்ந்திருந்தார். அது களத்தில் அதிகம் படிக்கப்பட்ட பதிவுகளில் ஒன்று. என்னைவிட முப்பது வயதாவது மூத்தவர். அவருடைய மின்னஞ்சல் கணக்கை யாரோ கைப்பற்றி, முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும் அவர் பெயரில் பணம் கேட்டு எழுதியிருந்தார்கள். களத்துக்கும் மின்னஞ்சலுக்கும் அவர் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தார். இரண்டு நண்பர்கள் பணம் அனுப்பியும் விட்டார்கள். என் அறிவிப்பைப் படித்துவிட்டு அவர் எழுதியதில் இந்த வரிகள் எனக்கு மனப்பாடம்: "தம்பி, மென்பொருளில் குறை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மென்பொருளின் பெயரே எனக்கு இன்றுதான் தெரியும். அதை எழுதியவர்களை எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் என்னைத் தெரியாது. நான் கடவுச்சொல்லைக் கொடுத்தது உங்களிடம்."

கோபமான கடிதமாக இருந்திருந்தால் பதில் சொல்ல எளிதாக இருந்திருக்கும். ஒரே கடவுச்சொல்லை இரண்டு இடத்தில் வைப்பது தவறு என்று நானும் பாடம் எடுத்திருப்பேன். அவரோ அதைத் தன் தவறாகவே முதல் பத்தியில் ஒப்புக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் அந்த வரிகள் வந்தன. தன் பங்கை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, என் பங்கை எனக்குக் காட்டினார்.

அதுவரை நான் பொறுப்பை ஒரு மொத்தத் தொகையாகவே நினைத்துவந்தேன். மென்பொருளாளருக்கு இத்தனை, எனக்கு இத்தனை, சர்வர் நிறுவனத்துக்கு இத்தனை என்று பங்கு போட்டால், அவர்கள் பங்கு கூடக் கூட என் பங்கு குறையும் என்பது என் கணக்கு. மென்பொருளாளருக்கு எழுதவிருந்த இரண்டாவது கடிதத்தின் நோக்கமே அதுதான். பெரியவரின் கடிதம் அந்தக் கணக்கைக் கலைத்தது. மென்பொருளாளர் மங்கலாக அறிவிப்பு எழுதியது உண்மையாகவே இருக்கட்டும். அதனால் இந்தப் பெரியவருக்கு நான் தர வேண்டிய பதிலில் ஒரு சொல்லாவது குறையுமா? குறையாது. என் மென்பொருளாளரோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கலாம். ஆனால் பெரியவர் அந்த வழக்கில் சேர்ந்தவரே இல்லை. அவருக்கும் எனக்கும் இடையே இருந்தது ஒரு பதிவுப் படிவமும், அதில் அவர் நம்பித் தட்டச்சு செய்த எட்டு எழுத்துகளும்தான்.

அந்த இரண்டாவது கடிதத்தை நான் அனுப்பவில்லை.

எழுதியவர்களின் கடன்

இதனால் மென்பொருளை எழுதுபவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் முடிவுக்கு வரவில்லை. அவர்கள் பொறுப்பு வேறு வகையானது, அதை நான் முன்பு தவறான இடத்தில் தேடினேன் என்றுதான் சொல்வேன். பிழையே இல்லாத நிரலை யாரிடமும் கேட்க முடியாது. சரியானதைச் செய்வது எளிதாகவும் தவறானதைச் செய்வது கடினமாகவும் இருக்கும்படி ஒரு மென்பொருள் அமைக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

என் களத்தையே எடுத்துக்கொள்கிறேன். முகப்படக் கோப்புறைக்கு எவரும் எழுதும்படியான முழு அனுமதியைக் கொடு என்று நிறுவல் வழிகாட்டியே சொன்னது. நான் அப்படியே கொடுத்தேன். அந்தக் கோப்புறையில் நிரல் இயங்காமல் தடுக்கும் இரண்டு வரிக் கோப்பு ஒன்றை மென்பொருளோடு சேர்த்தே கொடுத்திருந்தால், 2:47-க்கு நுழைந்தவன் 2:53-க்குள் வேலையை முடித்திருக்க மாட்டான். கடவுச்சொற்கள் எம்டி5 என்ற முறையில், உப்பு என்று சொல்லப்படும் கூடுதல் சரம்கூடச் சேர்க்காமல், குறுக்கி வைக்கப்பட்டிருந்தன. எம்டி5 மிக வேகமாக இயங்குவது. கோடிக்கணக்கான ஊகங்களைச் சோதித்துப் பார்க்க நினைப்பவனுக்கு அந்த வேகம்தான் துணை. வேண்டுமென்றே மெதுவாக இயங்கும் பிகிரிப்ட் முறையை நீல்ஸ் ப்ரோவோஸ், டேவிட் மசியேர் இருவரும் 1999-லேயே வெளியிட்டிருந்தார்கள். நல்ல மருந்து கடையில் இருந்தும், பரவலாகப் பயன்பட்ட களமென்பொருட்கள் பல ஆண்டுகள் அதை வாங்கவில்லை. இவை எதுவும் கண்ணுக்குத் தப்பிய பிழைகள் அல்ல. இவை முடிவுகள், முடிவு எடுத்தவருக்கு அதில் பொறுப்பு உண்டு.

முன்னிருப்பு அமைப்புகளும் அப்படித்தான். 2013 ஜூலையில், உபுண்டு என்ற இயங்குதளத்தின் பயனர்களுக்கான கருத்துக்களத்திலிருந்து ஏறத்தாழ 18.2 லட்சம் கணக்குகளின் விவரங்கள் போயின. களத்தை நடத்திய கேனானிக்கல் நிறுவனம் பின்னர் நடந்ததை விரிவாக எழுதியது. தாக்கியவர், பதிவுகளைக் கண்காணிக்கும் ஒரு மட்டுறுத்துநரின் கணக்கைக் கைப்பற்றி, களத்தில் ஓர் அறிவிப்பை இட்டிருக்கிறார். அங்கே பயன்பட்ட வி-புல்லட்டின் மென்பொருளில் அறிவிப்புகளுக்குள், இணையப் பக்கங்களை அமைக்கும் எச்டிஎம்எல் குறிகளை வடிகட்டாமல் எழுத முன்னிருப்பாகவே அனுமதி இருந்ததால், அதன் வழியே நிர்வாகிகளின் கணக்குகளும் அவர் கைக்குப் போயின. அந்த அமைப்பை மாற்ற ஒரு பொத்தான் இருந்தது என்று மென்பொருளாளர் தரப்பில் சொல்லலாம். ஆனால் ஆயிரக்கணக்கான நிர்வாகிகளில் எத்தனை பேர் ஒவ்வொரு பொத்தானையும் பார்த்திருப்பார்கள்? பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் ஒரு மென்பொருள் எப்படி இருக்கிறதோ, உலகின் பெரும்பாலான களங்களில் அது அப்படியேதான் இருக்கும். எழுதியவருக்கு இது தெரியும். நிறுவுபவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

அதே களம் 2016 ஜூலையில் மீண்டும் உடைந்தது. இம்முறை வழி ஒரு கூடுதல் செருகுநிரல். ஃபோரம்ரன்னர் என்று பெயர். அதில் இருந்த எஸ்க்யூஎல் ஊடுருவல் குறை, அதாவது தரவுத்தளத்துக்குள் வெளியாள் கட்டளை நுழைக்க வழிவிடும் குறை, ஏற்கெனவே அறியப்பட்டது, அதற்கான திருத்தம் இன்னும் போடப்பட்டிருக்கவில்லை என்று கேனானிக்கல் அறிவித்தது. இருபது லட்சம் பேரின் பயனர்பெயர்களும் மின்னஞ்சல்களும் வெளியே போயின. அந்த அறிவிப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். தன் களத்தில் திருத்தம் போடப்படவில்லை என்பதை ஒரு பெரிய நிறுவனம் மறைக்காமல் எழுதுகிறது. ஆனால் போடாமல் விட்டது யார் என்ற எழுவாய் அதிலும் இல்லை.

வேறு சில நிகழ்வுகளில் நிறுவியவரைக் குறை சொல்லவே முடிவதில்லை. 2019 செப்டம்பர் 23 அன்று, வி-புல்லட்டினின் ஐந்தாம் தலைமுறைப் பதிப்புகளில் உள்நுழையாமலே சர்வரில் கட்டளைகளை இயக்க வழிவிடும் ஓட்டை ஒன்றை, பெயர் சொல்லாத ஒருவர், திருத்தம் எதுவும் வராத நிலையில் பொதுவெளியில் இட்டார். இரண்டு நாளில் திருத்தம் வந்துவிட்டது. அதற்கும் சில நாட்களுக்குள், கணினிப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட கொமோடோ நிறுவனத்தின் களம் அதே ஓட்டை வழியே உடைக்கப்பட்டது. திருத்தத்திற்குப் பிறகு நான்கு நாள் தாமதித்ததற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்பது சரி. திருத்தம் வருவதற்கு முந்தைய இரண்டு நாட்களுக்குக் களம் நடத்திய எவரும் எப்படிப் பதில் சொல்வது? இதைவிட என்னை யோசிக்க வைத்தது அடுத்த ஆண்டு நடந்தது. 2020 ஆகஸ்ட்டில் ஆய்வாளர் ஒருவர் அந்தத் திருத்தமே முழுமையானது அல்ல, வேறொரு வார்ப்புரு வழியாகச் சுற்றி வந்தால் அதே கதவு இன்னும் திறக்கிறது என்று காட்டினார். வெளியிட்ட சில மணி நேரத்திற்குள் டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டின் களம் தாக்குதலுக்கு உள்ளானது. திருத்தத்தை ஒழுங்காகப் போட்டு, கடமையைச் செய்தவர்கள் ஏறத்தாழ ஓராண்டு கதவு பூட்டியிருக்கிறது என்று நம்பித் தூங்கினார்கள். காசு வாங்கி விற்கப்படும் மென்பொருளில் இது நடந்தால், உள்ளது உள்ளபடி என்ற பத்தியைக் காட்டி ஒதுங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய இணைய மீள்திறன் சட்டம் இந்த வேறுபாட்டை உள்வாங்கியிருப்பதாகப் படுகிறது. வணிக நோக்கில் சந்தைக்கு வரும் மென்பொருள் பாதுகாப்பான முன்னிருப்பு அமைப்புகளோடு வர வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் இயன்றவரை தாமாகவே போடப்படும்படி இருக்க வேண்டும். தாக்குதலுக்குப் பயன்படும் ஓட்டை தெரியவந்தால் 24 மணி நேரத்தில் முதல் எச்சரிக்கை தர வேண்டும் என்கிறது அது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். வணிக நோக்கமின்றிக் கட்டற்ற மென்பொருள் எழுதுபவர்களை அது விலக்கிவைத்திருக்கிறது. எனக்கு உதவிய அந்தத் தன்னார்வலரை நினைத்துக்கொண்டு அந்த விலக்கைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது. தானாகப் போடப்படும் திருத்தம் என்பது கனவும் அல்ல. வேர்ட்பிரஸ் மென்பொருள் 2013 அக்டோபரில் வந்த 3.7 பதிப்பிலிருந்தே சிறு பாதுகாப்புத் திருத்தங்களைப் பின்னணியில் தானே போட்டுக்கொள்கிறது. தினமும் சிவப்பு வரியைப் பார்த்தபடி வார இறுதிக்குக் காத்திருந்த என் போன்றவர்களுக்காகவே அந்த ஏற்பாடு.

இரண்டாவது அறிவிப்பு

பெரியவரின் கடிதம் வந்த இரவு அறிவிப்பைத் திரும்ப எழுதினேன். வாக்கியங்கள் சுலபமாக வரவில்லை. 'திருத்தம் போடப்படாத நிலையில்' என்று எழுதி அடித்தேன். 'திருத்தத்தைப் போடத் தவறியதால்' என்று எழுதி அதையும் அடித்தேன். அதிலும் யார் என்பது இல்லை. கடைசியில் எழுதியது இது: "இந்தக் களத்தை நடத்தும் நான், பத்தொன்பது நாட்களுக்கு முன்பே வெளியான பாதுகாப்புத் திருத்தத்தைப் போடவில்லை. அந்த வழியாக ஒருவர் நுழைந்து, உங்கள் பெயர், மின்னஞ்சல், குறுக்கிய கடவுச்சொல் ஆகிய மூன்றையும் எடுத்துச் சென்றுவிட்டார். சென்றிருக்கலாம் என்பதல்ல, சென்றுவிட்டது. குறுக்கிய கடவுச்சொல்லை எளிதில் விரித்துவிட முடியும். அதே கடவுச்சொல்லை வேறு எங்கு வைத்திருந்தாலும் இப்போதே மாற்றுங்கள். மின்னஞ்சல் கணக்கை முதலில் மாற்றுங்கள்." முதல் அறிவிப்பைக் களத்தின் முகப்பில் ஒட்டியதோடு விட்டிருந்தேன். இதை ஒவ்வொருவருடைய முகவரிக்கும் தனித்தனியே அனுப்பினேன்.

முதல் அறிவிப்பில் இருந்த 'வாய்ப்புள்ளது' என்ற சொல்தான் அந்த நிகழ்வில் நான் செய்த மிகப் பெரிய தீங்கு என்று இப்போது நினைக்கிறேன். ஓட்டை என்னுடையது அல்ல. தாமதம் சோம்பலால் வந்தது. ஆனால் மூன்று மெகாபைட் போயிருப்பதை என் கண்ணால் பார்த்துவிட்டு, வாய்ப்புள்ளது என்று எழுதியது நான் தெரிந்து செய்த செயல். அந்தச் சொல்லை நம்பி எத்தனை பேர் நாளை மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள்! பெரியவரின் நண்பர்களிடம் பணம் கேட்ட மின்னஞ்சல்கள் என் முதல் அறிவிப்புக்கு ஒரு நாள் கழித்தே அனுப்பப்பட்டிருந்தன. அவரிடம் இதையும் சொன்னேன். வெகுநாள் கழித்து, ஷட்டர் கருவியின் திருத்திய வரைபடம் ஒன்றை இணைத்து ஒரு வரியில் பதில் போட்டார்: "களத்தை மூடிவிடாதீர்கள்."

மூடவில்லை, ஆனால் மாற்றினேன். பதினேழு வசதிகளையும் கழற்றினேன். பல ஆண்டுகளாக உள்நுழையாத கணக்குகளின் கடவுச்சொல்லையும் மின்னஞ்சலையும் அழித்துவிட்டு, அவர்கள் எழுதிய இழைகளை மட்டும் வைத்துக்கொண்டேன். பிறந்த தேதி கேட்கும் கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுத்தேன். அதை எதற்காகக் கேட்டேன் என்று எனக்கே நினைவில்லை. மென்பொருளின் பாதுகாப்பு அறிவிப்புகள் நேராகக் கைப்பேசிக்கு வரும்படி செய்தேன். இப்போது திருத்தம் வெளியானால் அன்றிரவே போடுகிறேன். ஏதாவது உடைந்தால் மறுநாள் புகார்களுக்குப் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் முடியாமல் கிடக்கிறது. தனித்தனியே அனுப்பிய அந்த அறிவிப்பில் முந்நூற்றுப் பன்னிரண்டு, முகவரி இல்லை என்று திரும்பி வந்தன. அவர்களில் சிலர் இறந்திருக்கலாம்; சிலர் வேறு முகவரிக்கு மாறியிருக்கலாம். மாறியவர்கள் அதே கடவுச்சொல்லையும் கூடவே எடுத்துச் சென்றிருக்கக் கூடும். திரும்பி வந்த முகவரிகளின் பட்டியலை ஒரு கோப்பாக, பூட்டி, சர்வருக்கு வெளியே வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை அதைத் திறந்து, யாரையாவது வேறு வழியில் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். இதுவரை இருபத்தாறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மிச்சமுள்ள இருநூற்று எண்பத்தாறு பேரின் முகவரியை நான் வைத்திருப்பதே சரியல்ல என்றும் தெரிகிறது. அழித்துவிட்டால் அவர்களிடம் சொல்வதற்கு வழியே இல்லை. இந்த ஆண்டும் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, அழிக்காமல் திரும்பப் பூட்டி வைத்தேன்.